உப்பு லாரிக்கு ஒரு பெயர்

நேற்று மத்தியானம் இன்னெஸ் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான். ரோடு டிப்போவின் மேஸ்திரி அவன். என் தம்பி மேக்னஸோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன். டிப்போவுக்குப் புதிதாக ஓர் உப்பு லாரி வருகிறதாம். குளிர்காலத்தில் பனி உறைந்து வழுக்காமல் இருக்க ரோட்டில் உப்புத் தூவுகிற லாரிகளுக்கு எங்கள் பக்கம் ஊர் கூடி ஓட்டுப் போட்டுப் பெயர் வைப்பார்கள், பெரும்பாலும் கோமாளித்தனமாக. இந்தத் தடவை ஓட்டு முழுவதும் ஒரே பெயருக்கு விழுந்துவிட்டது.

"'பிடிவாதக்கார மேக்னஸ்', எல்சி அக்கா. கதவுல பெரிய எழுத்துல எழுதப்போறோம். கூடப் பிறந்தவங்க நீங்க, ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தான். "டாக்டர் சொல்லி, அந்த ஆஸ்பத்திரி மோர்வென் பொண்ணு சொல்லி, எதையும் கேக்காம கஞ்சிக்கு உப்பைப் போட்டுத் தின்னுட்டுல்ல போய்ச் சேர்ந்தான் மனுஷன்! டிப்போவுல அதைப் பேசாத நாளே இல்ல."

நான் காகிதத்தை வாங்கி ரொட்டி டப்பாவுக்கு அடியில் சொருகினேன். நாளைக்குப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அதில் என் பெயரை எழுதுவதற்கு முன்னால், மேக்னஸ் ஃப்ளெட் என்கிறவன் எப்படிப்பட்டவன் என்று ஒரு தடவையாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதனால்தான் கணப்புப் பக்கத்தில் மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா செத்தபோது அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பதினாலு. அப்பா மாதத்தில் மூன்று வாரம் கடலில் இருப்பார். போர்ட்சாய் என்கிற இந்தக் கடலோர ஊரில் எங்கள் வீட்டு அடுப்பை அன்றைக்கு நான் கையில் எடுத்தேன். முதல் நாள் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடித்துக் கட்டிகட்டியாக இருந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் முழுவதும் சாப்பிட்டான். "நல்லாருக்குக்கா" என்று கிண்ணத்தை நீட்டினான். பொய் சொல்லத் தெரியாதவன் என்னிடம் சொன்ன முதல் பொய் அது.

சொன்னபடி கேட்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவை பள்ளிக்கூட வாசலில் நில், நான் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தே போனேன். இருட்டின பிறகு ஞாபகம் வந்து ஓடினால், கொட்டுகிற ஆலங்கட்டி மழையில் அதே கல்லின் மேல் நின்றுகொண்டிருக்கிறான். "டேய், மழை பெய்யுதே, உனக்கு ஓடி வரத் தெரியாதா?" என்று அவனைத்தான் அறைந்தேன். வளர்ந்த பிறகு கல்லன் ஊரில் ரோனா என்று ஒருத்தியை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அவள் உனக்குச் சரிப்பட மாட்டாள் என்றேன். அதோடு விட்டுவிட்டான். கடைசிவரை கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும், யாராவது கேட்டால்.

நான் கல்யாணமாகிப் போனதும் அதே தெருவில்தான். அவன் அடுத்த வீட்டை வாடகைக்கு எடுத்தான். உப்பு லாரியில் வேலை கிடைத்ததிலிருந்து குளிர்காலம் முழுக்க விடிகாலை நாலரைக்கு என் பின்கதவைத் திறந்துகொண்டு வருவான். நான் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருப்பேன். துடுப்பை வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். ஓட்ஸ் பாதி வெந்ததும் உப்பு, முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. சர்க்கரை போடுகிறவர்களைப் பற்றி எங்கள் தெருவில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவன் நின்றுகொண்டேதான் சாப்பிடுவான், கஞ்சியை நின்று சாப்பிடுவதுதான் முறை. எங்கள் ஆட்கள் கஞ்சியை மரியாதையாக 'அவங்க' என்றுதான் சொல்வார்கள். "அவங்க இன்னிக்குக் கொஞ்சம் கெட்டியா இருக்காங்களேக்கா" என்பான். "வாயை மூடிக்கிட்டு முழுங்குடா" என்பேன். ஐந்து மணிக்கு லாரி கிளம்புகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைய நாள் ஒழுங்காகத் தொடங்கின மாதிரி இருக்கும். என் புருஷன் போன பிறகு அந்த அரைமணி நேரத்தை வைத்துத்தான் நான் மிச்ச நாளைத் தள்ளினேன்.

ஐம்பத்தெட்டாவது வயதில், லாரி லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் நூற்றுக்குப் பத்தொன்பது பங்குதான் வேலை செய்கிறது என்றார்கள். வலி, கிலி ஒன்றும் இல்லாமல் சத்தம் போடாமல் கெட்டுப் போயிருந்தது. இன்னும் இறங்கினால் டயாலிசிஸ். நாற்பது மைல் தள்ளிப் போய், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரி கிடக்க வேண்டும். அப்புறம் லாரியாவது ஒன்றாவது.

"எனக்கு வேற எதுவும் வேணாங்கா. அந்த சீட்டுல உக்காந்தபடியே ரிட்டயர் ஆயிடணும்" என்றான். தனக்காக அவன் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

உணவுமுறை சொல்லிக்கொடுக்க மோர்வென் என்று ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். முகமெல்லாம் புள்ளி, வயது முப்பதுக்குள் இருக்கும். நானும் கூடப் போனேன். போகாமல் இருப்பேனா?

"உப்பு அறவே வேண்டாம், மிஸ்டர் ஃப்ளெட்" என்றாள்.

"ஏம்மா, நாப்பது மைல் ரோட்டுக்கு நான்தான் உப்புப் போடுறேன். என் கிண்ணத்துக்கு ஒரு சிட்டிகை போடக்கூடாதா?"

"ரோட்டுக்குக் கிட்னி இல்லையே!" என்று சிரித்தாள். பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். "காலையில தவிடு சேர்ந்தது, உலர்திராட்சை, பாதாம் கலந்தது எதுவும் வேண்டாம். பாக்கெட்டுல 'உடம்புக்கு நல்லது'ன்னு போட்டிருக்கும், மத்தவங்களுக்கு நல்லதுதான். உங்க கிட்னியால பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் வெளிய தள்ள முடியல. பொட்டாசியம் ரத்தத்துல ஏறிட்டா இதயம் நின்னுடும். சாதா கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிடுங்க, இல்லன்னா அரிசிப் பொரி. அதுலயும் உப்புக் கம்மியா இருக்கிறதாப் பாத்து வாங்குங்க. முப்பது கிராம், அரை டம்ளர் பால், அவ்வளவுதான். ஓட்ஸ் கஞ்சியும் சின்னக் கிண்ணத்துல சாப்பிடலாம். உப்பில்லாம."

"உப்பில்லாமயா?" என்றேன் நான். "அது கஞ்சி இல்லம்மா. சுவத்துல காகிதம் ஒட்டுற பசை."

மேக்னஸும் தலையாட்டினான். உப்பில்லாத கஞ்சிக்கு அவன் பொரியே மேல் என்றுவிட்டான். மோர்வென் ஒரு மஞ்சள் காகிதத்தில் தன் போன் நம்பரை எழுதினாள். "புதுசா எதைச் சாப்பிடறதா இருந்தாலும், முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க. எவ்வளவு சின்ன விஷயமா இருந்தாலும் சரி." அவனிடம்தான் கொடுத்தாள். ஆனால் பார்த்தது என்னை.

அவன் அந்தக் காகிதத்தைத் தன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான். எடை பார்க்க ஒரு குட்டித் தராசு வாங்கினான். அடுத்த நாளிலிருந்து காலையில் என் பின்கதவு திறக்கவில்லை.

கஞ்சி வாசனை அடித்தால் ஆசை வரும், அதனால் தன் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னான். நியாயமான பேச்சுத்தான். நான் நாலரைக்கு வழக்கம்போல எழுந்து இருட்டில் நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவன் வீட்டு விளக்கு எரியும். அந்தப் பெரிய உடம்பு தராசுக்கு மேல் குனிந்து, ஒரு பொரி கூடினால் எடுத்துப் போட்டு, ஒன்று குறைந்தால் சேர்த்துக்கொண்டிருக்கும். பிறகு உட்கார்ந்து தின்பான், குழந்தைகள் சாப்பிடுகிறதை. எனக்கு வயிறு எரிந்தது. பாவமாக இருந்தது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். பாவம் பாதிதான். மீதி பொறாமை. ஐம்பது வருஷம் நான் ஊட்டி வளர்த்தவனை, நேற்று வந்த ஒரு பெண் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து என் அடுப்படியிலிருந்து பிரித்துக் கொண்டுபோய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவள் சொன்னது வேலை செய்தது. அதையும் சொல்ல வேண்டும். எட்டு மாதம் அந்தப் பத்தொன்பது பத்தொன்பதாகவே நின்றது.

"அசையலக்கா! மோர்வென் கைதட்டிட்டா. இப்படியே போனா ரிட்டயர் ஆகுற வரைக்கும் லாரி எனக்குத்தான்" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான்.

"பொரி தின்னு தின்னு நீயும் பொரி மாதிரிதான் ஆயிட்ட. காத்தடிச்சாப் பறந்துடுவ" என்றேன் நான். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நவம்பர் மாதம். கடையில் உப்பு இருக்கிற தட்டில் ஒரு புது டப்பா. 'உப்புக்கு மாற்று. சோடியம் மூன்றில் ஒரு பங்கே. இதயத்துக்கு இதமானது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அங்கேயே நின்று அழுதுவிடுவேன் போல இருந்தது. ஆண்டவன் கண் திறந்துவிட்டான் என்று நினைத்தேன். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கவில்லை. பின்பக்கம் எறும்பு எறும்பாக என்னவோ இருந்தது, கண்ணாடி வீட்டில் இருந்தது.

மறுநாள் காலை கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு வேலியருகே போய் அவனைக் கூப்பிட்டேன். தொப்பியோடு அடுப்படிக்கு வந்து நின்றான். வாசனை பிடித்ததும் அவன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

"உப்புப் போட்டிருக்கியாக்கா?"

"போட்டிருக்கேன். ஆனா உப்பு இல்ல. இந்தா, நீயே பாரு."

டப்பாவைக் கையில் வாங்கி முன்பக்கத்தைப் படித்தான். "மோர்வென்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமாக்கா? எட்டு மணிக்கு மேல எடுப்பா."

"இதுக்குமா அவளைக் கேக்கணும்? கொட்டை எழுத்துல போட்டிருக்கான், கண்ணு தெரியலையா? நான் என்ன உனக்கு விஷமா வைக்கப்போறேன்? அவ நேத்து வந்தவ. எட்டு வயசுலேருந்து உன்னை வளர்த்தது யாரு?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். டப்பாவை மெதுவாக மேஜையில் வைத்தான். தொப்பியைக் கழற்றினான். நின்றபடியே கரண்டியை எடுத்தான்.

"நல்லாருக்குக்கா" என்றான்.

அதற்குப் பிறகு வந்த ஏழு வாரம் மாதிரி நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. தினமும் பின்கதவு திறந்தது. அந்த உப்பில் லேசாக ஒரு கசப்பு, கரிப்பும் போதவில்லை. அதனால் கை தாராளமாகவே போட்டேன். சாயங்கால சூப்பில் போட்டேன், உருளைக்கிழங்கு மசியலில் போட்டேன். எட்டு மாதம் பட்டினி கிடந்தவனுக்குப் போடுகிற மாதிரி போட்டேன். டிசம்பரில் அவனுக்கு ரத்தப் பரிசோதனை இருந்தது. பனி கொட்டியதால் ரோடுகளை விட்டு நகர முடியவில்லை என்று அவன் அதற்குப் போகவில்லை. புது வருஷம் பிறந்ததும் கால் கனக்கிறது என்றான். பூட்ஸுக்குள் ஈயத்தை ஊற்றின மாதிரி இருக்கிறதாம். ஓயாத வேலை, வேறென்ன என்று நினைத்தேன். தெம்பு வரட்டும் என்று இன்னொரு கரண்டி கஞ்சி வைத்தேன்.

ஜனவரி பதினொன்றாம் தேதி காலை, கரண்டி அவன் கையிலிருந்து விழுந்தது. பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். கஞ்சிக்கு அவன் உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "அக்கா, கை வரமாட்டேங்குது" என்றான். முந்தின சாயங்காலம் அவன் உப்புத் தூவிவிட்டு வந்த ரோட்டில்தான் ஆம்புலன்ஸ் வழுக்காமல் வந்தது.

வழியில் அவன் இதயம் நின்றுவிட்டது. திரும்ப ஓட வைத்தார்கள். பொட்டாசியம் என்றார்கள். நின்று ஓடியதில் மிச்சமிருந்த சிறுநீரகமும் படுத்துவிட்டது.

இரண்டாம் நாள் மோர்வென் வார்டுக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். "எப்படி மிஸ்டர் ஃப்ளெட்? எட்டு மாசம் அசையாம இருந்தது! புதுசா என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

அவன் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான், டப்பாவை மேஜையில் வைத்த அன்று காலை பார்த்த அதே பார்வை.

"உப்புக்கு மாத்துன்னு ஒரு டப்பா வந்திருக்கும்மா. கஞ்சிக்குப் போட்டேன். நான்தான் வாங்கினேன்" என்றான்.

அவளுக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! "அதுல சோடியத்தை எடுத்துட்டுப் பொட்டாசியத்தைத்தான் போடுறாங்க! கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கு அது சரி. உங்களுக்கு அது விஷம்! கிட்னி நோய் இருந்தா டாக்டரைக் கேக்காமச் சாப்பிடாதேன்னு பின்னாடி போட்டிருக்கே, படிக்கலையா? ஒரு போன், மிஸ்டர் ஃப்ளெட்! ஒரே ஒரு போன் பண்ண முடியலையா உங்களால? இவ்வளவு பிடிவாதமா ஒரு மனுஷனுக்கு?"

"ஆமாம்மா. பிடிவாதந்தான்" என்றான்.

நான் போர்வையின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தேன்.

லைசென்ஸ் போயிற்று. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். மற்ற நாள் காலையில் என் பின்கதவைத் திறந்துகொண்டு வருவான், ஆனால் லாரிக்குப் போக அவசரம் இல்லாததால் ஏழு மணிக்கு. சின்னக் கிண்ணத்தில் உப்பில்லாத கஞ்சி வைப்பேன். உட்கார்ந்து முழுவதும் சாப்பிடுவான். பசைதான் அது. "நல்லாருக்குக்கா" என்பான். ஒரு நாள் உறைபனி காலையில் தெருவில் உப்பு லாரி போயிற்று. எழுந்து ஜன்னலுக்குப் போனான். "இன்னெஸ் வேகமாப் போறான். இப்படிப் போனா உப்பு ரோட்டுல விழாது, வயல்லதான் விழும்" என்று முணுமுணுத்தான். லாரி வளைவில் திரும்பிப் போன பிறகும் கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றான்.

அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "மேக்னஸ், அந்த உப்பு விஷயத்துல நான்..."

"அக்கா, அவங்க ஆறிப்போறாங்க" என்று திரும்பி வந்து கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பதினாலு மாதத்தில் ஒரு நாள், ஒரு பொழுது, குத்திக்காட்டி ஒரு வார்த்தை அவன் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மார்ச் மாதம், மெஷின் நாற்காலியிலேயே தூங்கினபடி போய்விட்டான்.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். மோர்வென் வந்திருந்தாள், மூக்கெல்லாம் சிவந்து. "எனக்கு இன்னும் ஆறவே இல்ல எல்சி. ஒவ்வொரு பொரியா எடை போட்டுச் சாப்பிட்டவர், அன்னைக்கு மட்டும் ஏன் என்னைக் கேக்கல?" என்றாள். பக்கத்தில் இன்னெஸ் நின்றுகொண்டிருந்தான்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். உப்புப் போட்டுத் தின்கிறவளாக இருந்தால் அங்கே சொல்லியிருப்பேன்.

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தாம்மா. யார் சொல்றதையும் கேக்க மாட்டான்" என்று சொல்லி, அவள் கையில் டீக் கோப்பையைக் கொடுத்தேன்.

என் வாயிலிருந்து போனதுதான் டிப்போவுக்குப் போய், சிரிப்பாகி, ஓட்டாகி, இப்போது கையெழுத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் குளிர்காலம் முழுக்க அவன் பெயரோடு அந்தப் பொய்யும் ஊர் ஊராகச் சுற்றும். மழையில் அதே கல்லின் மேல் நின்றவன் அவன்.

இதுவரை எழுதிவிட்டு, விடிந்ததும் காகிதத்தை எடுத்தேன். 'பிடிவாதக்கார' என்கிறதை அடித்தேன். மேலே மூன்று தடவை கோடு இழுத்தேன். 'மேக்னஸ்' மட்டும் மிச்சம் இருந்தது. அதன் கீழே என் பெயரை எழுதினேன். அவன் வீட்டைக் காலி செய்தபோது அந்த மஞ்சள் காகிதத்தை மட்டும் எடுத்து வந்து என் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன், ஏன் என்று எனக்கே தெரியாமல். எட்டு மணி அடிக்கும்வரை அதன் முன்னால் நின்றேன். பிறகு அந்த நம்பரைச் சுற்றினேன்.

"எல்சியா? நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

"மோர்வென், அந்த உப்பை வாங்கினது நான்தாம்மா. உன்னைக் கேட்டுடலாம்னு அவன் சொன்னான். வேண்டாம்னது நான்."

ஃப்ரிட்ஜ் கதவில் அந்த மஞ்சள் காகிதத்தின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

"ஐயோ எல்சி" என்றாள். "அன்னைக்கு நான் அவரை எவ்வளவு திட்டினேன்."